ஒத்தைச் செடி

எங்க அம்முச்சி, அம்மாவோட அம்மா, தக்காளி விதையை வறட்டியிலதான் வச்சிருப்பாங்க. நல்லாப் பழுத்துத் தொளதொளன்னு ஆன பழமாப் பாத்து எடுத்து, பிதுக்கி, அந்தக் கொழகொழப்போட அடுப்புச் சாம்பலைப் போட்டு உள்ளங்கையில தேச்சு, ஈரம் காயாத வறட்டி மேல அப்பிச் செவுத்துல காய வச்சு, அப்பறம் அட்டாலி மேல போட்டுருவாங்க. அடுத்த பட்டம் வந்தா வறட்டியில ஒரு மூலையை உடைச்சுத் தண்ணி தெளிச்சு உதுத்து விடறதுதான், வேற ஒரு வேலையும் கிடையாது. எது தக்காளி, எது கத்திரி, எது எந்த வருசத்துதுங்கறது அவங்க மனசுலதான் இருக்கும், எங்கயும் எழுதி வச்சதில்ல.

ஊரு உடுமலைப் பக்கம், பெதப்பம்பட்டியில இருந்து கொஞ்சம் உள்ள போகணும். அம்முச்சி 2019-ல தவறிட்டாங்க. காரியமெல்லாம் முடிஞ்சு ஊட்டை ஒதுங்க வைக்கறப்ப அட்டாலியில இருந்து ஓரமெல்லாம் உளுத்துப் போன வறட்டி ஒண்ணு கிடைச்சுது, மாமா அதைக் குப்பையில போடறதுக்குன்னு எடுத்தவரு வெளிச்சத்துல ஒரு தடவை பாத்துட்டு அப்படியே நின்னுட்டாரு. "இது அம்மா வச்ச தக்காளி வெதை கண்ணு"ன்னாரு. நான் "நீங்களே போட்டு உடுங்க மாமா"ன்னு சொன்னேன். "நான் இனி எங்க போடறது, காடு பூராத் தென்னையாப் போச்சு, நீ உங்கூட்டுப் பொடக்காலியில போட்டுப் பாரு"ன்னு ஒரு நியூஸ் பேப்பர்ல சுத்திக் குடுத்தாரு.

மாமா ஒரு காலத்துல பொழுதுக்கும் தக்காளிதான். நாத்து உட்டு, பாத்தி கட்டி, தண்ணி கட்டி, பறிச்சு 14 கிலோ பெட்டியில அடுக்கி உடுமலை சந்தைக்குப் போகும், அங்கிருந்து கேரளாவுக்கு லாரி. அம்முச்சியோட தக்காளி தோல் மெல்லிசு, பெட்டியில அடியில இருக்கற பழம் சந்தை போய்ச் சேர்றதுக்குள்ள நசுங்கித் தண்ணி விட்டுரும், அதனால ஏவாரிங்க வெலை கொறைப்பாங்க, அதனால மாமாவும் எல்லாரு மாதிரி தோல் கெட்டியான ஹைபிரிட்டுக்கு மாறினாரு, நாத்தும் நர்சரியில 98 குழி தட்டுல ரெடியா வர ஆரம்பிச்சுது. அப்பறம் ஒரு வருசம் வெலை விழுந்து, பறிக்கற கூலிக்கும் வண்டி வாடகைக்குமே கட்டாம, பழுத்த காட்டுல ஆட்டைப் பத்தி உட்டாங்க. நான் அப்ப காலேஜ் லீவுக்குப் போயிருந்தேன். ஆடுங்க வாயெல்லாம் செவப்பாத் தின்னுட்டு இருக்க, மாமா வரப்புல உக்காந்து ஒண்ணும் பேசாமப் பாத்துட்டே இருந்தாரு. அந்தக் காடுதான் இப்பத் தென்னந்தோப்பு. ஆக, அந்தக் குடும்பத்துல அம்முச்சி விதை மிச்சம் இருந்தது எங்கிட்ட இருந்த வறட்டித் துண்டுல மட்டும்தான். இது எனக்கு அன்னைக்கே உறைச்சிருந்தா நான் அப்படிப் பண்ணியிருக்க மாட்டேன்.

நாங்க இருக்கறது கோயமுத்தூர்ல, வடவள்ளி. பின்னாடி பத்தடிக்கு எட்டடி பொடக்காலி, துணி காயற இடம் போக மீதி மண்ணு. 2020 லாக்டவுன்ல எல்லாரும் வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்தோமே, அப்பதான் வறட்டி ஞாபகம் வந்து எடுத்தேன். உதுத்து எண்ணினா நாப்பது விதைக்குள்ளதான் இருந்துச்சு. இருபத்தஞ்சை எடுத்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவுல, வெறும் தோட்டத்து மண்ணைப் போட்டு, சித்திரை வெயில்ல வெதைச்சேன். ஏழாம் நாள் பதினொண்ணு மொளைச்சுது. தக்காளி மொளைச்சு வர்றதைப் பாத்திருக்கீங்களா, தலை நேரா வராது, கழுத்தை வளைச்சு முதுகால மண்ணை முட்டிட்டு வரும், அப்பறம் நிமிரும், சில நாத்துக்கு விதைத் தோல் தொப்பி மாதிரி எலையில மாட்டிட்டே இருக்கும். எனக்கு அம்முச்சியே எந்திரிச்சு வந்த மாதிரி இருந்துச்சு, வாடிருமோ வாடிருமோன்னு ஒரு நாளைக்கு மூணு தரம் தண்ணி ஊத்தினேன். டப்பாவுக்கு அடியில ஓட்டை போடலை. நாலே நாள்ல ஒவ்வொண்ணா மண்ணோட ஒட்டற எடத்துல தண்டு நூலாட்டம் இளைச்சு, அப்படியே சாஞ்சுது. காலையில அஞ்சு, பொழுதோட மூணு, மறுநாள் மீதியும் போச்சு.

இதுக்குப் பேர் நாத்தழுகல். மண்ணுல இருக்கற பூஞ்சணம்தான் காரணம், ஆனா பூஞ்சணம் எப்பவும் எல்லா மண்ணுலயும் இருக்கறதுதான், அதுக்கு வேலை குடுக்கறது நாம ஊத்தற தண்ணி. ஈரம் வடியாம, காத்து போகாம, நெருக்கமா இருந்தா ஒரே ராத்திரியில டப்பாவையே காலி பண்ணிரும். செடி வாடறதைப் பாத்து தண்ணி பத்தலைன்னு நெனச்சு இன்னும் ஊத்துவோம், அதோட முடிஞ்சுது. நான் அதைத்தான் பண்ணினேன். அன்னைக்கு ரொம்ப அழுதேன், விதைக்கா அழுவாங்கன்னு எங்கூட்டுக்காரரு கேக்கலை, அவரும் பக்கத்துல உக்காந்துட்டாரு.

மிச்சம் பதினஞ்சுக்குள்ளதான். உடனே போடலை. படிச்சேன், நாலு பேர்கிட்டக் கேட்டேன், லாலி ரோட்டு வேளாண் பல்கலைக்கழகத்துல படிச்ச சிநேகிதி ஒருத்திகிட்ட ராத்திரி ராத்திரியா போன்ல பேசினேன். அவ சொன்னதுதான் ஆடி வரைக்கும் பொறுக்கறதுன்னு. சித்திரையில மொளைச்சுத் தப்பிச்சிருந்தாக்கூட பூக்கற நேரத்துல பகல் சூடு 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் ஆறாம இருந்தா மகரந்தம் கெட்டுப் போய் பூவெல்லாம் காம்போட உதுந்துருமாம். நம்ம ஊர்ல வெய்யக்காலத்துத் தக்காளிச் செடி பச்சையா நிக்கும், பூக்கும், காய் மட்டும் வராது, அதுக்கு உரம் பத்தலைன்னு ஆளுங்க கொட்டிட்டே இருப்பாங்க. அதுவே ஆடியில போட்டா நாத்து வளர்றப்ப மேகமூட்டம், பூக்கறப்ப புரட்டாசி. ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சும்மா சொல்லி வைக்கலைங்க.

இந்தத் தடவை எப்படிப் பண்ணினேன்னு கொஞ்சம் விளக்கமாவே எழுதறேன், ஏன்னா இந்த முதல் இருபத்தஞ்சு நாள்தான் எல்லாமே, பாக்கியெல்லாம் அதுக்கப்பறம் பாத்துக்கலாம்.

பொள்ளாச்சிப் பக்கம் இருந்து வர்ற தென்னைநார்க் கழிவு, கோகோபீட்டுன்னு கட்டியா விக்கறாங்களே, அதைத் தண்ணியில ஊற வச்சு மூணு தரம் பிழிஞ்சு கழுவினேன், அதுல உப்பு இருக்கும், கழுவாமப் போட்டா நாத்து கருகும். அதோட சரிபாதி மண்புழு உரம், ஒரு கை வேப்பம் புண்ணாக்குத் தூள், டிரைக்கோடெர்மா விரிடி ஒரு ஸ்பூன். டிரைக்கோடெர்மாவும் பூஞ்சணம்தான், ஆனா நல்லது, நாத்தழுகல் பண்ற பூஞ்சணத்தை இது அடக்கிரும். டீ குடிக்கற பேப்பர் கப்புல அடியில நாலு ஓட்டை. ஒரு கப்புக்கு ஒரே விதை, கால் இஞ்ச் ஆழம், அதுக்கு மேல போகக்கூடாது. மொளைக்கற வரைக்கும் மேல ஒரு சாக்கு, மொளைச்ச அன்னைக்கே எடுத்துரணும், ஒரு நாள் தாமதிச்சாலும் வெளிச்சம் தேடி நூலாட்டம் நீண்டுரும். தண்ணி மேல ஊத்தறதில்ல, ஒரு வட்டல்ல தண்ணி ஊத்தி கப்பை அதுல கால்மணி நேரம் நிக்க வச்சு எடுத்துருவேன், வேணும்ங்கற ஈரத்தை அது அடியில இருந்து உறிஞ்சிக்கும், மேல்மண்ணு காஞ்சே இருக்கும். இது ஒண்ணைக் கத்துக்கிட்டதுக்கு அப்பறம் இன்னைய வரைக்கும் எனக்கு நாத்தழுகல் வந்ததே கிடையாது.

அப்பறம் கை வச்சுத் தடவறது. காலையில பொழுதோடன்னு ரெண்டு தரம், நாத்து நுனி மேல உள்ளங்கையை மெதுவா அக்கட்டாலயும் இக்கட்டாலயும் ஒரு பத்து தரம் ஓட்டுவேன். காத்துல ஆடற செடிதான் தண்டைக் குட்டையா, தடிமனா வளக்கும், வீட்டுக்குள்ள காத்துப் படாம வச்ச நாத்துக்கு நம்ம கைதான் காத்து. பாலக்காட்டுக் கணவாய் வழியா ஆடியில வர்ற காத்தை உடுமலை, பல்லடம், தாராபுரத்துக்காரங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்ல, காத்தாலைய நட்டு வச்சிருக்கறதே அதுக்குத்தான். அந்தக் காத்துல நிக்கணும்னா நாத்து பழகியிருக்கணும். கையில பொகையில வாசம் இருக்கறவங்க நாத்தைத் தொடக்கூடாதுங்கறதையும் இங்கயே சொல்லிடறேன். பொகையிலயும் தக்காளியும் ஒரே குடும்பம், பொகையிலயில இருக்கற தேமல் வைரஸ் காஞ்ச எலையிலகூட சாகாம இருந்து கை வழியா நாத்துக்கு வந்துரும். அம்முச்சி வெத்தலை பாக்கோட பொகையிலயும் போடுவாங்க, நாத்தங்கால்ல இறங்கறதுக்கு முன்னாடி மட்டும் கையைச் சாம்பல் போட்டுத் தேச்சுக் கழுவுவாங்க, வைரஸ்னா என்னன்னு அவங்களுக்கு யாரும் சொன்னதில்ல, வீட்டுல சின்னப் பசங்களும் அதைப் பாத்துட்டு அதே மாதிரி கழுவிட்டுத்தான் இறங்குவோம்.

பதினஞ்சு கப்புல மூணுதான் மொளைச்சுது. பழைய விதை, வறட்டி உளுத்து ஈரம் ஏறியிருந்துச்சு. தக்காளி விதையை ஒழுங்கா வச்சா நாலஞ்சு வருசம் தாங்கும், இது அப்படி வைக்கப்படலை. மூணுல ஒண்ணு மாடிப்படியில வச்சிருந்தப்ப காத்துல கப்போட உருண்டு ஒடிஞ்சுது. ரெண்டாவதைப் பொடக்காலியில நட்டு பத்தாம் நாள் எலையெல்லாம் மேல சுருண்டு, சின்னச் சின்னதா, மஞ்சளா வந்துச்சு. எலைச்சுருட்டை வைரஸ். வெள்ளை ஈ ஒரு செடியில சாறு உறிஞ்சிட்டு வந்து அடுத்த செடியில உக்காரும்போது ஏத்திவிட்டுரும், அதுக்கு மருந்தே கிடையாது, எந்தக் கரைசல் தெளிச்சாலும் செடிக்குள்ள போன வைரஸ் போகாது. பிடுங்கி, மூடி போட்ட பக்கெட்ல போட்டுக் கொண்டு போய் எரிக்கணும். அம்முச்சி விதையில வந்த செடியைக் கையால பிடுங்கறது எனக்கு லேசா இல்லை, ஆனா விட்டு வச்சிருந்தா மூணாவதும் போயிருக்கும். அன்னைக்கு ராத்திரியே மூணாவது செடிக்கு நாலு குச்சி நட்டு எங்கம்மாவோட பழைய வாயில் சேலையைச் சுத்திக் கட்டினேன். கொசுவலை ஆகாது, கண்ணு பெருசு, வெள்ளை ஈ புகுந்துரும்.

அந்த ஒத்தைச் செடியை நடறப்ப கழுத்து வரைக்கும் பொதைச்சேன். கத்திரியை அப்படி நடமாட்டோம், தக்காளிக்கு மட்டும் அடி எலையைக் கிள்ளிட்டு தண்டைப் பாதிக்கு மேல மண்ணுக்குள்ள விடலாம், தண்டுல மண்ணு பட்ட எடமெல்லாம் வேர் இறங்கும். முன்னாடி அந்த எடத்துல மிளகாயோ கத்திரியோ இல்லாம இருக்கறதும் முக்கியம், எல்லாம் ஒரே குடும்பம், ஒண்ணோட சீக்கு இன்னொண்ணுக்குத் தொத்தும். நான் அங்க முன்னாடி வச்சிருந்தது வெறும் கீரை.

அப்ப எனக்கு ஒரு பயம், ஒரே ஒரு செடி இருந்தா காய் பிடிக்குமா, பிடிச்சாலும் விதை சரியா வருமான்னு. சுரை, பூசணிக்கு ஆண் பூ வேற பெண் பூ வேற. மக்காச்சோளத்துக்கு ஒரு கூட்டமே நிக்கணும். தக்காளிப் பூவை ஒண்ணு பிச்சுப் பாத்தேன், நடுவுல மஞ்சளா கூம்பு மாதிரி இருக்கறது மகரந்தப் பை எல்லாம் ஒண்ணா ஒட்டினது, சூல்முடி அந்தக் கூம்புக்குள்ளயேதான் இருக்குது. பூ தானே தன்னோட மகரந்தத்துல காய்ச்சுக்கும். காத்து ஆட்டினாப் போதும், இல்ல கருவண்டு வந்து தொங்கிட்டு ரீங்னு அதிர வச்சா அந்தத் துடிப்புல மகரந்தம் உப்பு மாதிரி கொட்டும். என் செடி சேலைக்குள்ள இருந்துச்சு, காத்தும் இல்ல வண்டும் இல்ல, அதனால காலையில பத்து மணி வாக்குல பூங்கொத்தைக் குச்சியால ரெண்டு தட்டு தட்டினேன். ஆக ஒத்தைச் செடியில வர்ற விதையும் அம்முச்சி தக்காளியாவேதான் இருக்கும், வேற எதோடயும் கலக்கறதுக்கு ரொம்ப வழியில்ல. அதைப் புரிஞ்சுக்கிட்ட அன்னைக்கு எனக்குக் கெடச்ச நிம்மதி இருக்குதே, அதைச் சொல்லி முடியாது.

கடையில வாங்கற ஹைபிரிட் பழத்துல இருந்து விதை எடுத்துப் போடறவங்க இதைக் கவனிக்கணும். ஹைபிரிட்டுங்கறது ரெண்டு வேற ரகத்தைச் சேத்த முதல் தலைமுறை, அதோட விதையைப் போட்டா மொளைக்கும், காய்க்கும், ஆனா பத்துச் செடி பத்து விதமா இருக்கும். நாட்டு ரகம் கிடைக்கலைன்னா பல்கலைக்கழகம் விட்ட கோ 3, பெரியகுளத்துல இருந்து வந்த பி.கே.எம் 1 இதெல்லாம் ரகம்தான், ஹைபிரிட் இல்லை, விதை எடுத்து வைக்கலாம்.

கார்த்திகையில முதல் பழம். அதுக்கு முன்னாடி ஒரு சோதனை, முதல் கொத்துல மூணு காய்க்கு அடிப்பக்கம் கருப்பா, தோல் மாதிரி காஞ்சு போச்சு. வாட்ஸ்அப்ல எல்லாரும் முட்டை ஓடு போடு, எப்சம் சால்ட் போடுன்னாங்க. அது கால்சியம் கொறைதான், ஆனா மண்ணுல கால்சியம் இல்லாம இல்ல, செடிக்கு அது தண்ணியோட ஏறணும், நான் ரெண்டு நாள் காய விட்டு மூணாம் நாள் வெள்ளமா ஊத்தினேன், அதுல வந்த வெனை. முட்டை ஓடு மக்கறதுக்கு மாசக்கணக்காகும், எப்சம் சால்ட்டுல இருக்கறது மெக்னீசியம், அது கால்சியத்தைத் தடுத்து இன்னும் கெடுக்கும். வேருக்கு மேல சோளத்தட்டு மூடாக்குப் போட்டு தினம் ஒரே அளவு தண்ணி விட்டேன், ரெண்டாவது கொத்துல ஒரு காய்கூட கருக்கல.

பழம் எப்படி இருந்துச்சுன்னா, தட்டையா, நாலஞ்சு வரியா மடிஞ்சு, காம்பைச் சுத்தி மட்டும் பச்சையா. முழுசாப் பழுத்தாலும் அந்தத் தோள்பட்டைப் பச்சை லேசுல போகாது. அம்முச்சி தக்காளி அப்படித்தான் இருக்கும், நான் சின்னப் புள்ளையில அது பழுக்கலைன்னு நெனச்சு ஒதுக்குவேன், "அந்தப் பச்சையிலதான்டி அம்மிணி ருசி"ன்னு சொல்லுவாங்க. 2012-ல சயின்ஸ் பத்திரிகையில வந்த ஒரு ஆராய்ச்சியைப் பத்திப் படிச்சப்ப எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. பழம் பூராவும் ஒரே சீரா செவக்கணும்னு ஏவாரத்துக்காகத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து வளத்ததுல, காயில பச்சையத்தை உண்டாக்கற ஒரு மரபணு வேலை செய்யாமப் போயிருச்சாம், அந்தத் தோள்பட்டைப் பச்சைதான் காயில வெயிலை வாங்கிச் சர்க்கரையைக் கூட்டறதாம். அம்முச்சி சொன்னதேதான். நாம கடையில பளபளன்னு ஒரே செவப்பா இருக்கறதாப் பாத்துப் பொறுக்கறோமே, அதுல இது இல்லாமப் போச்சு.

இன்னொண்ணு, நாட்டுத் தக்காளி நாட்டுத் தக்காளின்னு சொல்றோம், தக்காளியே தென் அமெரிக்காவுல இருந்து போர்ச்சுக்கீசியரு காலத்துல கப்பல்ல வந்ததுதான். அதுக்கு முன்னாடி நமக்குத் தக்காளின்னா சொடக்குத் தக்காளியும், இங்க சுக்குட்டின்னு சொல்ற மணத்தக்காளியும்தான். அம்முச்சியோட அம்மா இதைச் சீமைத் தக்காளின்னுதான் சொல்லுவாங்களாம். சீமையில இருந்து வந்தது ஒவ்வொரு பட்டத்துக்கும் யாரோ ஒரு அம்முச்சி விதை எடுத்து வச்சு எடுத்து வச்சு, நம்ம செம்மண்ணுக்கும் நம்ம காத்துக்கும் பழகி நாட்டுத் தக்காளி ஆயிருச்சு.

அந்த வருசம் மொத்தம் நாலு கிலோ வந்திருந்தா அதிகம். முதல் பழத்தை அரிசியும்பருப்பும் சோத்துல போட்டேன், ரசத்துக்குப் புளியே தேவைப்படல. ரெண்டாவது கொத்துல நல்ல பழமா ரெண்டை மட்டும் பறிக்காம செடியிலயே மிதமிஞ்சிப் பழுக்க விட்டு, பிதுக்கி ஒரு டம்ளர்ல கொஞ்சம் தண்ணியோட மூணு நாள் வச்சேன். நாறும், மேல வெள்ளையா ஆடை கட்டும், கட்டணும். விதையைச் சுத்தி இருக்கற அந்தக் கொழகொழப்புதான் பழத்துக்குள்ளயே மொளைச்சுராமத் தடுக்கறது, அது நொதிச்சுக் கழண்டாத்தான் அடுத்து நல்லா மொளைக்கும். அலசினா நல்ல விதை அடியில தங்கும், சொத்தை மெதக்கும். பேப்பர்ல காய வைக்காதீங்க ஒட்டிக்கும், நிழல்ல ஒரு தட்டுல காய வச்சு, சாம்பல் கலந்து, கண்ணாடி பாட்டில்ல. இருநூறுக்கு மேல விதை இருந்துச்சு.

2023 ஆடியில கிலோ 100 ரூபாயைத் தாண்டினப்ப எங்க வீதியில நாலு பேர் "ஏனுங்க்கா, நாத்து இருக்குதுங்களா"ன்னு வந்தாங்க, இருந்ததைக் குடுத்தேன், கப்பை வட்டல்ல நிக்க வைக்கறதையும் சேத்துச் சொல்லிக் குடுத்தேன். அதுல ஒரு வீட்டுல இன்னமும் தொடர்ந்து விதை எடுத்து வைக்கறாங்க.

போன ஆடியில மாமாவுக்கு ஒரு பாட்டில் கொண்டு போய்க் குடுத்தேன். வேண்டாம்னு சொல்லலை, வாங்கி மேல்சட்டைப் பையில வச்சுக்கிட்டாரு. தென்னைக்கு நடுவுல நெழல், அங்க ஆகாது, கெணத்து மேட்டுல வாய்க்காலோரம் பத்துக் குழி போட்டிருக்காருன்னு அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஐப்பசியில ஒரு நாள் காலையில ஆறு மணிக்கே போன் பண்ணாரு.

"காய் எறங்கிருச்சு கண்ணு."

"எப்படி மாமா இருக்குது?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "தோள்பட்டை பச்சையா இருக்குது"ன்னாரு.

ரெண்டாவது கொத்தைப் பறிச்சுராதீங்க மாமா, விதைக்கு விடுங்கன்னேன். அத்தைகிட்ட வறட்டி இருக்குதான்னு அவரு கேக்கறது போன்ல கேட்டுச்சு.